குரூஸ் பயணத்தை ரத்து செய்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

எப்போது ரத்து செய்கிறீர்கள், எந்த வகை முன்பணம் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது.

முன்பணம் என்பது கப்பலில் ஓர் அறையை உங்கள் பெயரில் பிடித்து வைக்கக் கட்டும் தொகை. மீதியைக் கட்ட ஒரு கடைசி நாள் உண்டு. அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் அது பெரும்பாலும் பயணத்துக்கு 75 முதல் 90 நாள் முன்னால் வரும். அந்த நாள் தாண்டி ரத்து செய்தால் பிடித்தம் படிப்படியாக ஏறும். கடைசி இரண்டு வாரத்தில் பொதுவாகக் கட்டணம் முழுவதும் போய்விடும். துறைமுக வரிகள் மட்டும் பெரும்பாலும் திரும்பி வரும், மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு கறார்? கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். ஆறு மாதம் முன்னால் வேண்டாமென்றால் அந்த முகூர்த்தத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார். முந்தின வாரம் சொன்னால் மண்டபம் பூட்டியேதான் கிடக்கும். கப்பலும் அப்படித்தான், கிளம்பிய பிறகு காலி அறையை யாருக்கும் விற்க முடியாது.

சரி, கடைசி நாளுக்கு முன்னால் ரத்து செய்தால் எப்படியும் முழுப் பணம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் மலிவாகத் தெரியும் டிக்கெட்டுகள் பலவும் திரும்பக் கிடைக்காத முன்பணத்தோடு வருபவை; ஐந்து மாதம் முன்பே ரத்து செய்தாலும் அந்த முன்பணம் கைக்குப் பணமாகத் திரும்பாது.