தூக்கம் அவனை ஏய்க்குமா?

அன்புள்ள ஐயா,

கூடலூரில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பொழுது போவதற்காக ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அவாய்ட், எவேட், எல்யூட், டாட்ஜ் என்று கதை நெடுக வருகிறது. அகராதியோ எல்லாவற்றுக்கும் ‘தவிர், தப்பு, ஏய்’ என்றே சுற்றிச் சுற்றிச் சொல்கிறது. ‘ஸ்லீப் எல்யூடட் ஹிம்’ என்ற வரியை ‘தூக்கம் அவனை ஏய்த்தது’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த என் மகள், “தூக்கம் என்ன சீட்டுக் கம்பெனியாம்மா நடத்துது?” என்று கேட்டுவிட்டாள். இவற்றுக்குள் என்னதான் வித்தியாசம்? அவுட்விட், அவுட்மனூவர் என்று வருபவற்றை என்ன செய்வது?

கூடலூர் வாசகி

அன்புள்ள டீச்சர்,

உங்கள் மகள் பக்கம்தான் நான். ஏய்க்க வேண்டுமென்றால் ஏமாற்றும் எண்ணம் வேண்டும். தூக்கத்துக்கு அது கிடையாது.

2021இல் உங்கள் பக்கத்துக் காட்டில் டி23 புலியைத் தேடினார்களே, நினைவிருக்கும். கும்கி யானைகள், ட்ரோன், கேமராக்கள் என்று மூன்று வாரம் அலைந்து, அக்டோபர் 15ஆம் தேதி மசினகுடி பக்கம் உயிரோடு பிடித்தார்கள். அதுவரை ஆங்கிலப் பத்திரிகைக்கு அது ‘எல்யூசிவ்’ புலி. தமிழ்ப் பத்திரிகைக்குப் ‘போக்குக் காட்டும்’ புலி. டீக்கடையில் கேட்டது இன்னும் சுருக்கம்: “இன்னும் பிடிபடலையா?”

எல்யூட் என்பதன் உள்ளே லத்தீனில் ‘விளையாடு’ என்ற வினை இருக்கிறது. தேடுகிறவர் கைக்கு எட்டுவதுபோல் வந்து எட்டாமல் போவது. அதனால்தான் புலிக்கும் அந்தச் சொல் பொருந்துகிறது, தூக்கத்துக்கும் பொருந்துகிறது, மறந்துபோன பெயருக்கும் பொருந்துகிறது. வேடிக்கை என்னவென்றால் நம் ‘பிடிபடு’வும் அப்படியேதான். புலி பிடிபடவில்லை, அர்த்தம் பிடிபடவில்லை. தூக்கத்துக்கு மட்டும் சொல் கொஞ்சம் மாறும்: ‘அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.’ உங்கள் வரி அவ்வளவுதான். பெயர் என்றால் ‘நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது’. தூக்கத்தின் வரியில் அந்த ‘அவனை’ போய் ‘அவனுக்கு’ வந்துவிடுவதைக் கவனியுங்கள். ‘அவனை’ என்பதை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் சீட்டுக் கம்பெனி வந்தது.

எவேட் வேறு ஜாதி. அதில் தெரிந்தே செய்கிற தப்பு, அல்லது தப்பின் வாடையாவது இருக்கும். போலீசை, வரியை, கேள்வியை எவேட் செய்வார்கள். வரிக்கு ‘ஏய்ப்பு’ என்ற சொல் நிலைத்துவிட்டது, அங்கே கைவைக்க வேண்டாம். ஆனால் வரி அவாய்டன்ஸ் என்று வந்தால் ஜாக்கிரதை. அது சட்டத்தின் சந்துபொந்துகளில் புகுந்து வரியைக் குறைத்துக்கொள்வது, குற்றமல்ல. பல வருடம் முன்பு ஒரு கட்டுரையில் நான் இரண்டையும் ஏய்ப்பு என்றே போட்டுவிட்டேன். அச்சுக்குப் போவதற்கு முன்பு பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டார். “கோர்ட்டுக்கு நீங்க வர்றீங்களா, நான் போகட்டுமா?” அப்புறம்தான் ‘வரித் தவிர்ப்பு’ என்று மாற்றினேன். கேள்வியை எவேட் செய்தார் என்றால் ‘பிடிகொடுக்காமல் பேசினார்’, ‘மழுப்பினார்’. இங்கும் ஒரு பிடி வந்துவிட்டது பாருங்கள். ஆங்கிலம் ஓடுகிறவன் பக்கம் நின்று பேசும் இடத்தில் நாம் பல நேரம் துரத்துகிறவன் கையைப் பார்க்கிறோம்.

டாட்ஜ், டக், சைட்ஸ்டெப் மூன்றும் உடம்பால் செய்கிற வேலை. கோத்தகிரியில் இதற்கெல்லாம் ஒரு காட்டெருமை போதும். போன மாதம் ஒரு காலையில் பால் வாங்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் வருகிறேன். வளைவில் திரும்பினால் பத்தடியில் ஒன்று நிற்கிறது. வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நான்கு கால்கள், மூக்கிலிருந்து ஆவி. சத்தம் காட்டாமல் பக்கத்து மேட்டில் ஏறிச் செடிகளுக்குள் ஒதுங்கினேன். அது சைட்ஸ்டெப். கூட வந்த நாய் தலையைத் தாழ்த்தி வேலிக் கம்பிக்கு அடியில் புகுந்தது. அது டக். (வாத்துக்கு அந்தப் பெயர் வந்ததே தலையைத் தண்ணீரில் முக்குவதால்தான்.) காட்டெருமை பாய்ந்திருந்தால் நான் சட்டென்று விலகி டாட்ஜ் செய்ய வேண்டியிருந்திருக்கும், என் முட்டிக்கு அது முடியாத காரியம். அன்றிலிருந்து ரோட்டு வழியாகவே போகிறேன். எதிரில் வருவதற்கு முன்பே விலகிவிடுகிற இதுதான் அவாய்ட். அதற்குப் பின்னால் ‘டு’ வராது, ‘இங்’தான் வரும் என்பதை டீச்சருக்கே சொல்லக் கூடாது.

ஷர்க் என்று வந்தால் வேலையையும் பொறுப்பையும் மட்டும்தான். ‘தட்டிக்கழி’, கொஞ்சம் இளக்காரமாக என்றால் ‘டிமிக்கி கொடு’.

சர்க்கம்வென்ட் உங்கள் கதையில் வந்தால், நம் இ-பாஸை நினைத்துக்கொள்ளுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர்க் கார்களுக்கு அது வேண்டும். காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறவர் அதை அவாய்ட் செய்கிறார். பொய்த் தகவல் கொடுத்து வருகிறவர் எவேட் செய்கிறார். உள்ளூர் வண்டிக்குப் பாஸ் வேண்டாம் என்று தெரிந்து, நண்பரின் டிஎன் 43 காரைக் கீழே வரவழைத்து அதில் ஏறி வருகிறாரே, அவர்தான் சர்க்கம்வென்ட். விதியை மீறவில்லை, சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். லத்தீனில் அதன் பொருளும் சுற்றி வருவதுதான்.

இனி உங்கள் ‘அவுட்’ கூட்டம். மேலே சொன்னவை எல்லாம் தப்பித்தால் போதும் என்கிறவை. அவுட்விட், அவுட்ஃபாக்ஸ், அவுட்மனூவர் என்று வந்துவிட்டால் எதிரே ஓர் ஆள் இருந்தாக வேண்டும், அவர் தோற்றும் ஆக வேண்டும். அவுட்விட் புத்தியால் ஜெயிப்பது: ‘தண்ணி காட்டினான்’ என்பது பெரும்பாலும் சரியாக உட்காரும். அவுட்மனூவரில் புத்தியோடு இடமும் நேரமும் சேர்கிறது, யார் எங்கே நகர்ந்தார் என்பது முக்கியம். ‘காய் நகர்த்தி மடக்கினார்’ என்று அரசியல் செய்திகளில் எழுதுகிறார்கள். எனக்கு அது அலுத்துவிட்டது.

எங்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் கல்லாப் பக்கத்தில் ஒரு உண்டிவில் வைத்திருக்கிறார். கல் கிடையாது, தூக்கிக் காட்டினாலே குரங்குகள் ஓடிவிடும். போன வாரம் ஒரு குரங்கு கடைக்கு எதிரே நடு ரோட்டில் வந்து உட்கார்ந்து சாவகாசமாகப் பல்லைக் காட்டியது. அண்ணன் உண்டிவில்லோடு நான்கு எட்டு வெளியே போனார். அந்த நேரம் தகரக் கூரையிலிருந்து இன்னொன்று இறங்கி, தொங்கிய பன் பாக்கெட்டைச் சரத்தோடு அறுத்துக்கொண்டு போய்விட்டது. ரோட்டில் இருந்ததும் எழுந்து அதன் பின்னாலேயே போனது. அண்ணன் திரும்பி வந்து வெறும் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான் தடுக்குல பாஞ்சா இவனுங்க கோலத்துல பாயறானுங்க சார்.”

அந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.