பழைய காரில் ஆக்சில் மாற்றி மாற்றியும் திரும்பத் திரும்பப் போகிறது, ஏன்? வண்டியை விற்றுவிடலாமா?

விற்க வேண்டாம். அடுத்த ஆக்சிலையும் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுற்ற வைக்கும் தண்டு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஜாயின்ட்) இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

"பழைய வண்டி, அப்படித்தான் சார்" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். எனக்குக் கிடைத்த பதில் இன்னும் மோசம். நான் வடசென்னை, திருவொற்றியூர்க்காரன். ஊருக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில், அட்வைசர் என் முகவரியைப் பார்த்துவிட்டு, "எண்ணூர் ரோட்டுல ஓட்டினா எந்த ஆக்சில் சார் தாங்கும்?" என்றார். வண்டியின் அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

எங்கள் ரோடு நல்ல ரோடு என்று சாதிக்க வரவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் எண்ணூர் விரைவுச் சாலையில் ஓட்டியவர்களுக்கு அது தெரியும். ஆனால் குழி இரண்டு பக்க டயருக்கும் பொதுதானே? எனக்குப் போனதெல்லாம் இடது பக்கம், அதிலும் கியர்பாக்ஸை ஒட்டிய உள் ஜாயின்ட் மட்டும். இதைக் கேட்டேன். பதில் வரவில்லை, இன்னொரு ஆக்சிலுக்கு எஸ்டிமேட்தான் வந்தது.

அப்புறம் தண்டையார்பேட்டையில் ஒரு மெக்கானிக் பாயிடம் போனேன். "புதுசு இருக்கட்டும் தம்பி, கழட்டின பழசு எங்க?" என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். நல்லவேளை, டிக்கியில் கிடந்தது. பூட்டின் (ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறை) கிளிப்பை வெட்டி, பனியன் வேஸ்ட்டால் கிரீஸை வழித்துவிட்டுக் காட்டினார். உள்ளே மூன்று உருளைகள் ஓடுகிற கப். அதன் வாயோரத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ஆழத்தில் தேய்மானமே இல்லை. "ஆக்சிலு வெளிய இழுத்துக்கிட்டே ஓடியிருக்கு. இன்ஜின் எடம் மாறி உக்காந்திருக்கு" என்றார்.

பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்தபடி முதல் கியரில் கிளட்சை மெதுவாக விடச் சொன்னார். அவர் பக்கவாட்டில் நின்று பார்த்தார் (வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது). இன்ஜின் ஒரு பக்கமாகத் துள்ளியது. ரிவர்ஸில் அதே மாதிரி எதிர்ப்பக்கம். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் வலது பக்க மவுண்டிங்கின் ரப்பர் ஊறி, உப்பி, கிழிந்திருந்தது. மேலே டேப்பெட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) பேக்கிங்கில் கசிந்த ஆயில் சொட்டுச் சொட்டாக அதன்மேல் இறங்கியிருக்கிறது. பேக்கிங், மவுண்டிங் இரண்டையும் மாற்றிய பிறகுதான் புது ஆக்சிலை ஏற்றினார். மவுண்டிங் விலை ஆக்சில் விலையில் பாதிகூட இல்லை. அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை.

எல்லா வண்டிக்கும் இதே காரணம்தான் என்று நான் சொல்லவில்லை, நான் மெக்கானிக்கும் இல்லை. ஆனால் எந்த ஜாயின்ட் போகிறது என்று முதலில் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டும்போது டக் டக் என்றால் வெளி ஜாயின்ட். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நடுங்கி, காலை எடுத்தால் நின்றுவிட்டால் பெரும்பாலும் உள் ஜாயின்ட். வேகத்தோடு கூடுகிற உறுமல் என்றால் வீல் பேரிங்கைப் பாருங்கள். மழைத் தண்ணீருக்கும் ஸ்பீடு பிரேக்கருக்கும் பயந்து ஸ்பிரிங் இடுக்கில் ரப்பர் வைத்து வண்டியை உயர்த்தியிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். ஆக்சில் எப்போதும் சாய்ந்த கோணத்திலேயே சுற்றும், ஜாயின்ட் சீக்கிரம் தேயும். சக்கரத்தை வண்டியோடு கீழே பிணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் கடப்பாரை போட்டு அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூட் ரப்பரில் சின்னக் கிழிசல் இருந்தாலும் கிரீஸ் வெளியே போய் மணலும் தண்ணீரும் உள்ளே போகும், அதன் பிறகு எவ்வளவு நல்ல ஆக்சிலும் நிற்காது. ஆக்சிலைச் சக்கரத்தோடு இறுக்கும் ஹப் நட்டைப் பழசையே உளியால் அடித்து ஏற்றினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புது நட் போட்டு, டார்க் ரெஞ்சால் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கச் சொல்லுங்கள்.

விற்பதைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். நானும் ஒருமுறை விலை கேட்டுப் பார்த்தேன். தண்டையார்பேட்டை ஆர்டிஓவின் 03 நம்பரைப் பார்த்ததும் வாங்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "வெள்ளத்துல நின்ன வண்டியா?" 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குத் தென்சென்னையின் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும்கூடத்தான் மூழ்கின. அந்தப் பக்கத்து வண்டிக்காரரிடம் இதே கேள்வியை இதே தோரணையில் கேட்பார்களா? இன்ஜினைப் பார், பூட் ரப்பரைப் பார், ஓட்டிப் பார், பிறகு விலையைக் குறை. ஊரைப் பார்த்துக் குறைக்காதே. அவரிடம் இதை நேராகவே சொல்லி அனுப்பிவிட்டேன்.

உங்களுக்குப் போவது எந்தப் பக்கம், உள் ஜாயின்டா வெளி ஜாயின்டா என்று எழுதுங்கள். கழற்றிய பழைய ஆக்சிலைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.