மொபீல் நகர மார்டி கிரா ஊர்வலத்துக்குக் குழந்தைகளுடன் செல்வது பற்றி

வணக்கம். சத்தத்துக்கு அஞ்சும் மூன்று வயது மகளையும் எட்டு வயது மகனையும் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மொபீல் நகரில் நடக்கும் மார்டி கிரா (கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முன் வரும் கொண்டாட்டம்) ஊர்வலத்துக்கு அழைத்துச் செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். 1703ஆம் ஆண்டிலிருந்தே இவ்விழாவைக் கொண்டாடி வருவதாகப் பெருமை கொள்ளும் அவ்வூரில், இது குடும்பங்கள் கூடி மகிழும் திருவிழாவாகவே இருக்கிறது.

ஆனால் இரவு ஊர்வலங்களைத் தவிர்த்துவிடுங்கள். 2027இல் விழாவின் நிறைவு நாளான மார்டி கிரா பிப்ரவரி 9ஆம் தேதி வருவதால், அதற்கு முந்தைய சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் பகலில் நடக்கும் மலர் ஊர்வலமே உங்கள் மகளுக்கு ஏற்றது. பகலானாலும் பள்ளி வாத்தியக் குழுக்களின் முரசொலி நெஞ்சுக்குள் அதிரும் என்பதால், காதை முழுவதும் மூடும் ஒலித்தடுப்பானை வீட்டிலேயே சில நாள் அணிவித்துப் பழக்குங்கள். நகர மையத்துப் பூங்காவான பியன்வில் சதுக்கத்தின் நெரிசலைவிட, அகன்ற கவர்ன்மென்ட் தெருவில் நிற்பது நல்லது. மகள் மிரண்டால் உடனே பின்வாங்க அங்கே இடமிருக்கும்.

மகனிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். அலங்கார வண்டிகளிலிருந்து மணிமாலைகளோடு மூன் பை என்னும் சாக்லேட் பூசிய பிஸ்கட்டுகளையும் வீசுவார்கள்; அவை தடுப்புக்கு அப்பால் விழுந்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கையை நீட்டவோ குனிந்து நுழையவோ கூடாது, ஏனெனில் அந்த உயரமான வண்டிகளை ஓட்டுபவருக்குச் சக்கரத்தருகே இருக்கும் சிறுவன் தெரியமாட்டான். பிடித்தவற்றைப் போட்டுவைக்க ஒரு துணிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.

மார்டி கிராவுக்கு முந்தைய ஞாயிறன்று, மொபீலில் இவ்விழாவுக்குப் புத்துயிர் ஊட்டியவராகப் போற்றப்படும் ஜோ கெய்னின் நினைவாக வரும் ஜோ கெய்ன் நாளில் கூட்டம் மிக அதிகம். மகள் வளரும்வரை அதைத் தள்ளிவையுங்கள்.