ஓவியம் கேள்வி–பதில்: கெர்ஹார்ட் ரிக்டர் இழுத்த வண்ணங்கள்

ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 2017இல் தைல ஓவியம் வரைவதை நிறுத்திக்கொண்டார். அதற்கு முன் அவர் வரைந்த அரூப ஓவியங்களை, அதாவது அடையாளம் காணக்கூடிய உருவம் இல்லாத ஓவியங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ரிக்டர் தூரிகையே தொடாமல் ஒரு பலகையால் வண்ணத்தை இழுத்து இழுத்தே வரைந்தாராமே? ஒரே இழுப்பில் அத்தனை நிறம் எப்படி வருகிறது? (வாசகர், திருச்சி)

தூரிகை இல்லாமல் இல்லை. முதல் அடுக்குகளை அகலத் தூரிகையால்தான் போட்டார். பிறகுதான் ஸ்குவீஜி வந்தது. கைப்பிடி பொருத்திய நீளமான அக்ரிலிக் தகடு அது. பெரிய ஓவியங்களுக்கு அந்தத் தகடும் ஓவியத்தின் உயரத்துக்கே இருக்கும். தகட்டின் விளிம்பு நெடுக வண்ணத்தை அப்பி, ஓவியத்தின் ஒரு ஓரத்தில் வைத்து அழுத்தி, மறு ஓரம் வரை நிதானமாக இழுத்தார்.

அப்போது மூன்று காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. தகட்டில் உள்ள வண்ணம் பரப்பில் விட்டுவிட்டுப் படிகிறது. கீழே ஈரமாக இருக்கும் வண்ணம் தகட்டோடு இழுபட்டு நீள்கிறது. அரைகுறையாகக் காய்ந்து மேலே ஏடு கட்டியிருக்கும் அடுக்கு கிழிந்து, அதற்கும் அடியில் உள்ள பழைய நிறம் எட்டிப் பார்க்கிறது. ஆகவே நீங்கள் பார்ப்பது ஒரு இழுப்பின் பலன் அல்ல. இடையிடையே நாள்கணக்கில் காயவிட்டுச் செய்த பல இழுப்புகளின் மிச்சம். தகடு நடுவில் நின்ற இடத்தில் செங்குத்தாக ஒரு வரப்பு எழும்பியிருக்கும். அதை வைத்தே இழுப்பு எங்கே தடைபட்டது, எங்கே மீண்டும் தொடங்கியது என்று படித்துவிடலாம்.

கோரின்னா பெல்ட்ஸ் 2011இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் இந்த வேலை முழுவதையும் காணலாம். மற்றவர்கள் ‘முடிந்தது’ என்று கையெழுத்துப் போட்டுவிடக்கூடிய நிலையில் இருக்கும் ஓவியத்தை அவர் தயங்காமல் மூடி மறைப்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் இது தற்செயல்தானே? ஓவியர் செய்தது என்ன? (வாசகி, கோவை)

இழுப்பதற்கு முன் என்ன வரும் என்று அவருக்கும் முழுதாகத் தெரியாது, அது உண்மை. ஆனால் எந்த நிறம், அடியில் உள்ள அடுக்கு எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும், எவ்வளவு அழுத்தம், எந்தத் திசை ஆகிய எல்லாம் அவர் தீர்மானித்தவை. வந்த பலனை வைத்துக்கொள்வதா, மூடுவதா, சுரண்டுவதா என்பதும் அவருடைய தீர்ப்பு. என்னைக் கேட்டால் இந்த ஓவியங்களில் மிகக் கடினமான வேலை அந்தக் கடைசித் தீர்ப்புதான்.

2006இல் வரைந்த ஆறு ஓவியங்களுக்கு ‘கேஜ்’ என்று பெயரிட்டது தற்செயல் அல்ல. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ், ஸ்வரங்களைத் தேர்ந்தெடுக்கத் திட்டமிட்டே குலுக்கல் முறையைப் பயன்படுத்தியவர். அவருடைய இசையைக் கேட்டுக்கொண்டு வரையப்பட்ட ஓவியங்கள் இவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 மீட்டர் சதுரம். 2007இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் நடந்த பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

நேரில் பார்க்க வாய்த்தால் நடுவில் நின்றுவிடாதீர்கள். நான்கு ஓரங்களுக்கும் போங்கள். தகடு சரியாகத் தொடாத விளிம்புகளில் தொடக்க கால நிறங்கள் அப்படியே தங்கியிருக்கும். நடுவில் சாம்பலும் பச்சையுமாகத் தெரிவதற்கு அடியில் என்னென்ன புதைந்திருக்கிறது என்று அங்கே விளங்கும். பிறகு பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சாய்வாக விழும்படி பாருங்கள். மேடுபள்ளங்கள் நேரெதிரே நின்றால் தெரியாது.

‘அரூப ஓவியம் 599’ என்பதில் உள்ள எண் எதைக் குறிக்கிறது? (வாசகர், ஈரோடு)

அவருடைய படைப்புப் பட்டியலின் வரிசை எண். 1962இல் வரைந்த ‘மேசை’ என்ற ஓவியத்துக்கு 1 என்று எண்ணிட்டுத் தொடங்கினார். நீங்கள் சொல்லும் 599 வரையப்பட்ட ஆண்டு 1986.

‘பிர்கெனாவ்’ ஓவியங்களில் வதைமுகாமின் சுவடே இல்லையே. புகைப்படங்களை வரைந்துவிட்டு ஏன் மறைக்க வேண்டும்? (வாசகி, மதுரை)

நாஜிகளின் ஆஷ்விட்ஸ்–பிர்கெனாவ் வதைமுகாமில் 1944 ஆகஸ்டில் கைதிகளே உயிரைப் பணயம் வைத்து ரகசியமாக எடுத்த நான்கு புகைப்படங்கள் உண்டு. பிணங்களை அகற்றும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் அவர்கள். படச்சுருள் பற்பசைக் குழாயில் மறைத்து வெளியே கடத்தப்பட்டது. 2014இல் ரிக்டர் இந்த நான்கையும் நான்கு கேன்வாஸ்களில் வரையத் தொடங்கினார். ஒவ்வொன்றும் 260 செ.மீ. உயரம், 200 செ.மீ. அகலம். வரைந்தது சரிப்படவில்லை என்று கண்டு, அதன் மேலேயே கருப்பு, சாம்பல், சிவப்பு, பச்சை என்று இழுத்து மூடினார். இப்போது புகைப்பட உருவத்தில் ஒரு கோடுகூடக் கண்ணுக்குத் தெரியாது.

புகைப்படத்தைப் பார்த்துத் துல்லியமாக வரைவதில் உலகப் புகழ் பெற்றவர் அவர். ‘முடியாது’ என்று விட்டது கைத்திறன் போதாமல் அல்ல. அந்தப் படங்களை நயமான ஓவியமாக்கிச் சுவரில் மாட்டுவது அங்கே இறந்தவர்களுக்கு நியாயமாகாது என்ற முடிவாகவே நான் இதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் சங்கடத்திலும் பொருள் இருக்கிறது. புகைப்படங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் இவை இன்னும் நான்கு அரூப ஓவியங்களாகத்தான் தோன்றும். அதனால்தான் பெர்லினில் இவற்றோடு அந்த நான்கு புகைப்படங்களின் பிரதிகளையும், எதிர்ச் சுவரில் நான்கு பாகமான சாம்பல் நிறக் கண்ணாடியையும் சேர்த்து வைத்தார்கள். ஓவியத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே பார்வையாளர் தன்னையும் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். இந்த நான்கையும் தனித்தனியாகப் புத்தகத்தில் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

தகட்டால் இழுக்கும் முறையை வீட்டில் செய்து பார்க்க என்னென்ன தேவை? கேன்வாஸில் முயன்றபோது நடுவில் சிலுவை போல ஒரு தடம் விழுந்துவிட்டது. (ஓவிய மாணவர், கும்பகோணம்)

அந்தச் சிலுவை, கேன்வாஸின் பின்னால் உள்ள குறுக்குச் சட்டத்தின் தடம். தகடு அழுத்தும்போது துணி உள்வாங்கிச் சட்டத்தில் இடிக்கிறது. ஆகவே பழகும்வரை கெட்டியான பலகையில் செய்யுங்கள். ரிக்டரே பல ஓவியங்களை அலுமினியக் கூட்டுத் தகட்டின் மேல் வரைந்திருக்கிறார். உங்களுக்கு 9 மி.மீ. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த) பலகை, 45 × 60 செ.மீ. போதும். முன்பக்கம் மூன்று கோட் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) அடித்து, ஒவ்வொன்றும் காய்ந்தபின் உப்புத்தாள் போடுங்கள். பின்பக்கத்துக்கும் ஒரு கோட் கட்டாயம். இல்லையென்றால் பலகை வளையும்.

தகட்டுக்கு, பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் 5 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டை 50 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் வெட்டித் தருவார்கள். வெட்டிய விளிம்பில் வாள் பற்களின் தடம் இருக்கும். 400, பிறகு 800 எண் உப்புத்தாளால் வழவழப்பாகும்வரை தேயுங்கள். ஒரு சிறு நொறுங்கல் இருந்தாலும் ஓவியம் முழுக்க ஒரு கோடு ஓடும். மேல்பக்கம் மர ரீப்பர் ஒன்றைத் திருகி இறுக்குங்கள். அது இல்லாவிட்டால் தகடு நடுவில் வளைந்து, அங்கே மட்டும் வண்ணம் தடித்துத் தங்கும். ஸ்கிரீன் பிரிண்டிங் ரப்பர் ஸ்குவீஜி இதற்கு ஆகாது. ரப்பர் வளைந்துகொடுத்து எல்லாவற்றையும் மென்மையாக வழித்துவிடும், கிழிசல் கிடைக்காது. தகட்டைத் தின்னரால் துடைக்காதீர்கள், நுண்விரிசல் விடும். டர்பன்டைன் போதும்.

வண்ணம் எவ்வளவு? 0.3 மி.மீ. தடிப்பில் இந்தப் பலகையை மூட ஏறத்தாழ 80 மி.லி. வேண்டும். அதாவது ஒரு அடுக்குக்கு 40 மி.லி. குழாய் இரண்டு. பலரும் இங்கேதான் கை சுருங்கிப்போகிறார்கள். வண்ணம் குறைந்தால் தகடு வறண்டு பரப்பைச் சுரண்டுவதோடு சரி. முதல் அடுக்கில் எண்ணெய் சேர்க்காதீர்கள். மேல் அடுக்குகளில் 40 மி.லி.க்கு ஒரு டீஸ்பூன் ஆளிவிதை எண்ணெய்க்கு மேல் போனால் காயும்போது சுருக்கம் விழும்.

இழுக்கும்போது சாய்வுதான் முக்கியம். கொத்தனாரின் கரணையை நினைத்துக்கொள்ளுங்கள்: படுக்கையாகச் சாய்த்தால் பூசும், நிமிர்த்தினால் வழிக்கும். 60 செ.மீ. தூரத்தைச் சுமார் அரை நிமிடத்தில், நிறுத்தாமல் இழுங்கள். படிக்கட்டு போலச் சின்னச் சின்ன வரிகள் விழுந்தால், தகடு மிக நிமிர்ந்திருக்கிறது அல்லது வண்ணம் இறுகிப்போயிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது இழுப்பிலேயே எல்லாம் சேற்று நிறமாகிவிடுகிறது. (அதே மாணவர்)

எல்லா அடுக்கும் ஈரமாக இருக்கும்போதே இழுக்கிறீர்கள். சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும் ஈரத்தில் கலந்தால் பழுப்புதான் வரும். அடி அடுக்கு விரலில் ஒட்டாமல், ஆனால் நகம் பதியும் நிலைக்கு வரட்டும். அம்பர் போன்ற மண் நிறங்களின் மெல்லிய பூச்சு இரண்டு மூன்று நாளில் இந்த நிலைக்கு வரும். டைட்டானியம் வெள்ளைக்கும் காட்மியம் நிறங்களுக்கும் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். இதனால் சீக்கிரம் காயும் நிறத்தை அடியிலும் மெதுவாகக் காய்வதை மேலேயும் வையுங்கள். தலைகீழாகப் போனால் பின்னாளில் மேல் அடுக்கு வெடிக்கும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் தகட்டைத் துடைப்பதையும் மறக்கக் கூடாது.

அக்ரிலிக் வண்ணத்தில் இந்த இடைநிலை நம் ஊர் வெயிலில் சில நிமிடங்களில் கடந்துவிடும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்க்கலாம், ஆனால் குப்பியில் சொன்ன அளவைத் தாண்டினால் பிசுபிசுப்பு நிற்காது.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடவே போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள், அல்லது வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

இப்போது ரிக்டர் என்ன செய்கிறார்? (வாசகர், புதுச்சேரி)

1932இல் பிறந்தவர், மூன்று மீட்டர் ஓவியத்தின் குறுக்கே தகட்டை இழுக்க உடல் பலம் வேண்டும். 2017க்குப் பிறகு காகிதத்தில் பென்சிலும் வண்ண மையுமாகச் சிறிய வரைவுகள் செய்கிறார். அந்தந்த நாளின் தேதிதான் தலைப்பு. லண்டன் ஹேவர்ட் காட்சிக்கூடம் 2021இல் அவருடைய வரைவுகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. தைல ஓவியங்களோடு ஒப்பிட்டு இவற்றைச் சிறியவை என்று ஒதுக்குவது தவறு. அளவுகோல் வைத்து இழுத்த கோட்டையும் தன் போக்கில் பரவிய மையையும் ஒரே தாளில் மோதவிடுகிறார். ஸ்குவீஜியில் செய்த அதே ஆராய்ச்சியை இங்கே இன்னும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

தடிப்பாக வண்ணம் போட்ட ஓவியத்துக்கு வார்னிஷ் எப்போது அடிக்கலாம்? (வாசகி, சேலம்)

மெல்லிய பூச்சுக்கு ஆறு மாதம். வரப்பு எழும்பிய தடித்த பூச்சுக்கு ஒரு வருடமாவது பொறுங்கள். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே இளகியிருக்கும். அதுவரை குமிழி பிளாஸ்டிக் உறையை நேரடியாக மேலே சுற்றாதீர்கள். குமிழிகளின் வட்டத் தடம் பதிந்துவிடும். சட்டமிடுவதானால் கண்ணாடி வண்ணத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டு மாட்டச் சொல்லுங்கள்.