லேபர் வக்கீலா இருந்துட்டு சமரசம், மத்தியஸ்தம் பக்கமே முழுசா போக முடியுமா?

முடியும், ஆனா எடுத்த உடனே முடியாது. நிறைய ஜூனியர்ஸுக்கு தெரியாதது என்னன்னா, 2025 வரை அமல்ல இருந்த 1947 தொழில் தகராறு சட்டம் 36(3) படி சமரச அதிகாரி (ரெண்டு தரப்பையும் உக்கார வச்சு பேசி முடிக்கப் பாக்குற அரசு அதிகாரி) முன்னாடி வக்கீல் ஆஜராகவே கூடாது, அதனால சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல இருக்கிற லேபர் ஆபீஸ்ல பேச்சுவார்த்தைன்னா உள்ள பேசுறது யூனியன் தலைவரும் எச்ஆரும்தான், நீங்க மனு ட்ராஃப்ட் பண்ணிக் குடுத்துட்டு வெளிய டீ குடிச்சிட்டு நிக்கணும் (பழகிடும்). ஆனா உண்மையான வேலையே அந்த ட்ராஃப்ட்லதான். சமரச அதிகாரி முன்னாடி போடுற 12(3) செட்டில்மென்ட் கையெழுத்து போடாத தொழிலாளியையும் கட்டுப்படுத்தும், அதிகாரி இல்லாம போடுற 18(1) ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட ரெண்டு தரப்போட நின்னுடும், இந்த வித்தியாசம் புரியாம பேச உக்காந்தா கஷ்டம்.

10ஏ ஆர்பிட்ரேஷன் (நடுவர்கிட்ட விட்டு முடிவு வாங்கறது) ரெண்டு தரப்பும் எழுதிக் குடுத்தாதான் நடக்கும், அபூர்வம், அத நம்பி ஆபீஸ் போடாதீங்க. மீடியேஷனுக்கு (மத்தியஸ்தர் உதவியோட தரப்புகளே பேசி முடிக்கிறது) மெட்ராஸ் ஹைகோர்ட்ல 2005லயே மையம் வந்துடுச்சு.

2025 நவம்பர்ல பழைய சட்டத்துக்கு பதிலா புது தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்துட்டதால மேல சொன்ன செக்‌ஷன் நம்பரெல்லாம் மாறிப்போச்சு, அதையும் சேர்த்தே படிங்க. அப்புறம் மேனேஜ்மென்ட் கேஸ் மட்டுமே பாத்தீங்கன்னா யூனியன்காரங்க உங்கள மத்தியஸ்தரா ஏத்துக்க மாட்டாங்க, ரெண்டு பக்கமும் கேஸ் பாக்குற சீனியர்கிட்ட சேருங்க.