பஸ் சாலையோர வீட்டுக்கு எந்த மைக்?

கேள்வி: சிறுகதைகளை வாசித்துப் பதிவுசெய்து இணையத்தில் வெளியிட ஆசைப்படுகிறேன். திருநெல்வேலியில் பஸ் போகும் சாலையை ஒட்டிய வீடு. மின்விசிறி இல்லாமல் அரை மணி நேரம்கூட உட்கார முடியாது. லேப்டாப் இருக்கிறது, பத்தாயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம். 'கண்டென்சர் மைக்தான் ஸ்டுடியோ தரம்' என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பாட்டும் குரலும் பதிவாகும் ஸ்டுடியோக்களில் கண்டென்சர் மைக்குகளுக்குத்தான் முதலிடம். ஆனால், அவர் மைக்கோடு ஸ்டுடியோவையும் சேர்த்துக் கொடுக்கப்போவதில்லை. நீங்கள் பதிவுசெய்யப்போவது உங்கள் அறையில்.

கண்டென்சர் மைக்கின் சவ்வு மிக மெல்லியது. நுண்ணிய அதிர்வுக்கும் அசைந்து கொடுக்கும். ஆடியோ டெக்னிகாவின் ஏடி2020 என்ற விலை குறைந்த கண்டென்சரே 20 ஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த ஒலி முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்ற மிகக் கீச்சான ஒலி வரை பதிவுசெய்கிறது. 1966 முதல் மேடைகளில் அடிபட்டும் சளைக்காத ஷ்யூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக்கின் (காந்தத்துக்குள் அசையும் கம்பிச்சுருளால் இயங்கும் வகை) எல்லை 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ்தான். கதை வாசிக்கும் குரலுக்கு அதுவே தாராளம். அதற்கு மேலே உங்கள் அறையில் கிடைப்பது பெரும்பாலும் காற்றின் இரைச்சல்.

இங்கே ஒரு நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை உள்ளே விடாது என்று பலரும் சொல்கிறார்கள். அப்படி ஒரு வித்தை அதனிடம் இல்லை. டைனமிக்கை வாயருகே வைத்துப் பேசுகிறோம், கண்டென்சரை ஓர் அடி தள்ளி வைக்கிறோம். வித்தியாசத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயரும். பஸ்ஸின் ஹாரனும் விசிறியும் இருந்த அளவிலேயே இருக்கும். எட்டு அங்குலத்திலிருந்து நான்கு அங்குலத்துக்கு வருவதற்குச் செலவு எதுவும் இல்லை. விலை உயர்ந்த மைக் எதுவும் இந்தக் கணக்கை மாற்றிவிடாது.

இருந்தும் உங்களுக்கு டைனமிக்கையே சொல்வேன். அது நெருங்கிப் பேசுவதற்காகவே செய்யப்பட்டது, முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும், மழைக்கால ஈரப்பதத்தில் கண்டென்சரில் சிலநேரம் எழும் படபடவென்ற சத்தமும் அதில் வராது. யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (ஒலிக் கருவிகளுக்கான மூன்று முனை இணைப்பு) இரண்டும் உள்ளதாகப் பாருங்கள்: சாம்சன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டும் இந்த வகை. இப்போது லேப்டாப்பில் நேரடியாகச் செருகலாம். நாளை ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் சிக்னலைப் பெருக்கி லேப்டாப்புக்கு அனுப்பும் பெட்டி) வாங்கினாலும் மைக்கை மாற்ற வேண்டியிருக்காது. இரண்டில் எது உங்கள் தொகைக்குள் கிடைக்கிறதோ அதை எடுங்கள். தரத்தில் தூக்கம் கெடும் அளவு வேறுபாடு இல்லை.

இணையப் பேட்டிகளில் எல்லோர் முன்னாலும் நிற்கும் ஷ்யூர் எஸ்எம்7பி மீது கண் வைக்க வேண்டாம். விலை ஒருபுறம் இருக்க, அதன் சிக்னல் மிகவும் மெலிது. 60 டெசிபல் அளவுக்குப் பெருக்கித் தர இன்டர்ஃபேஸுக்குத் திராணி வேண்டும். ஆயிரம் இரண்டாயிரத்துக்கு ஸ்டாண்டு, பாப் ஃபில்டர் (மூச்சைத் தடுக்கும் திரை), 'சவுண்ட் கார்டு' எல்லாம் சேர்த்து வரும் கண்டென்சர் செட்டுகளையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் எண்ணிக்கைதான் அதிகம்.

இனி விசிறி. நான் சொன்ன மைக்குகள் கார்டியாய்டு வகை: முன்பக்கம் நன்றாகக் கேட்கும், முதுகுப்பக்கம் மந்தம். மைக்கை மேஜை ஸ்டாண்டில் நிறுத்தி, மேல்நோக்கி உங்கள் வாய்ப்பக்கம் திருப்பினால், அதன் காது கூரை விசிறியையும் பார்த்துக்கொண்டிருக்கும். வளையும் கை உள்ள ஸ்டாண்டு வாங்கி, மைக்கை நெற்றி உயரத்தில் பிடித்து, சாய்வாக வாயை நோக்கி இறக்குங்கள். அதன் முதுகு கூரைக்குத் திரும்பிவிடும். இரைச்சல் அடியோடு போகாது. சுவரில் மோதித் திரும்புவது இருக்கத்தான் செய்யும். ஆனால் நன்றாகத் தணியும். 'ப', 'ப்ப' வரும்போது பாயும் மூச்சும் மைக்குக்குக் கீழாகப் போய்விடும். ஒரு ஸ்பாஞ்சு உறையும் மாட்டிவிடுங்கள். விசிறிக் காற்று நேரே மைக்கில் பட்டால் எழும் உறுமலுக்கு அது வேண்டும்.

கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர் உள்ள ஹாலில் வாசிக்க வேண்டாம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதாகக் கேட்கும். மெத்தையும் துணி அலமாரியும் உள்ள படுக்கையறை, அதுவும் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்தால், மேல். உங்களுக்குப் பின்னால் கனமான போர்வை ஒன்று தொங்கட்டும். முட்டை அட்டை ஒட்டுவது வீண்வேலை.

பதிவில் 'உம்' என்ற ரீங்காரம் கேட்டால் மைக்கைச் சந்தேகிக்கும் முன் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஒலியளவு காட்டும் கோடு, நீங்கள் உரத்து வாசிக்கும் இடங்களிலும் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றியே நிற்கும்படி கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) வையுங்கள். பணம் மிஞ்சினால் காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் ஒன்று வாங்கலாம். கதைக்கு நடுவே பஸ் புகுந்ததை லேப்டாப் ஸ்பீக்கர் உங்களுக்குக் காட்டிக்கொடுக்காது.