பட்டாளமா, எம்.எஸ்சி.யா?

அன்புள்ள அக்கா,

ஊத்தங்கரை பக்கம் எங்கள் ஊர். வயது 24. பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் இரண்டு வருடமாக இருக்கிறேன். ராத்திரி ஷிஃப்டில், ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தான நோராட்ரினலின் பம்ப்பை ஏற்றிக்கொண்டே இருப்பேன், பிரஷர் ஏறாது. ஏன் என்று எனக்கே தெரிய வேண்டும் போலிருக்கும். எம்.எஸ்சி. படிக்க ஆசை, ஆனால் கல்விக்கடனே முடியவில்லை. ராணுவ நர்சிங்கில் சேர்ந்தால் அவர்களே படிக்க வைப்பார்கள் என்கிறார் அப்பா. பட்டாளத்துக்குப் போனால் கல்யாணம் பண்ண விடமாட்டார்கள் என்கிறார் அத்தை. தங்கை பிளஸ் டூ படிக்கிறாள், அவளும் நர்சிங்தான் என்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

அன்புள்ள தங்கைக்கு,

அத்தையின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். அப்படி ஒரு விதி 1977-ல் வந்தது, 1995-ல் எடுத்துவிட்டார்கள். அந்த விதி இருந்தபோது கல்யாணம் செய்ததற்காக 1988-ல் வேலையிழந்த ஒரு ராணுவ நர்சுக்கு 60 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்பா சொல்வது பாதி சரி. சர்வீஸில் இருப்பவர்களை மேற்படிப்புக்கு அனுப்புகிறார்கள். ஆனால் யாரை, எப்போது, எந்தப் பிரிவுக்கு என்பதெல்லாம் அவர்கள் முடிவு. குறுகிய காலப் பணி முதலில் 5 வருடம், நீட்டித்தால் 14 வரை. அந்த 5 வருடத்தில் உங்கள் முறை வராமலே போகலாம். பெங்களூரில் விமானப்படை கமாண்ட் மருத்துவமனை பக்கத்தில்தானே என்று நினைக்காதீர்கள், உதம்பூருக்கும் ஜோர்ஹாட்டுக்கும் போஸ்டிங் வரும். அந்த வாழ்க்கை பிடித்துப் போகிறவர்கள் சந்தோஷமாகப் போகட்டும். உங்கள் கடிதத்தில் அந்த ஆசையை நான் பார்க்கவில்லை. பம்ப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் உங்கள் மனசு இருக்கிறது.

அதனால் வரிசையை மாற்றுங்கள் என்பேன். முதலில் படிப்பு. எம்.எஸ்சி.க்கு பி.எஸ்சி.யில் 55 சதவீதமும் ஒரு வருட அனுபவமும் கேட்கிறார்கள், அனுபவம் உங்களிடம் இருக்கிறது. தீவிர சிகிச்சைக்கென்றே நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் உண்டு, அதாவது நோயாளியின் நிலையை மதிப்பிட்டு சிகிச்சையில் கூடுதல் பொறுப்பெடுக்கப் பழக்கும் மேற்படிப்பு. 2 வருடம், பெரும்பகுதி நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்திலேயே. பிரஷர் ஏன் ஏறவில்லை என்ற உங்கள் கேள்வியை அங்கே பாடமாகவே நடத்துவார்கள். கடன் பயம் நியாயமானது, அதனால் அரசுக் கல்லூரி இடத்துக்கே முதலில் முயலுங்கள். படித்து முடித்த பிறகும் பட்டாளம் இழுத்தால் போகலாம். 2023 கடைசியில் வந்த அறிவிப்பில் வயது 21 முதல் 35 வரை, எம்.எஸ்சி. முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது.

உண்மையில் அப்பாவின் யோசனை உங்கள் தங்கைக்குத்தான் பொருந்தும். பிளஸ் டூ முடித்த பெண்களுக்கு புனே, பெங்களூர் உட்பட ஆறு ராணுவ நர்சிங் கல்லூரிகளில் நான்கு வருட பி.எஸ்சி. இருக்கிறது. மொத்தம் 220 இடம்தான், அதற்கு நீட் எழுத வேண்டும். படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், முடித்தால் லெப்டினன்ட். பதிலுக்கு சர்வீஸ் செய்ய பாண்ட் எழுதித் தரவேண்டும். கடனே இல்லாமல் பட்டம் வாங்க இதைவிட நல்ல வழி நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அவளுக்கு விருப்பமா என்று அவளையே கேளுங்கள், அப்பாவை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. வேலையை விடப் போவதாக இப்போதே வாயைத் திறக்காதீர்கள். ஒரிஜினல் சர்டிபிகேட் அங்கே இருந்தால் முதலில் அதை வாங்குங்கள், ஐ.சி.யூ. என்று குறிப்பிட்ட அனுபவச் சான்றையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா